செலவுக் கணக்கும் வாக்குமூலம்தான்

கேள்வி:

ஐயா, காப்பீட்டு நிறுவனங்களுக்காக க்ளெய்ம் விசாரணை செய்து தரும் தனியார் ஏஜென்சி ஒன்றில் ஏழு மாதங்களாக வேலை பார்க்கிறேன். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய் விசாரித்து ரிப்போர்ட் எழுதுவது என் பணி. பேருந்தில் போகும்போது பழைய அமெரிக்க வானொலித் துப்பறியும் நாடகங்களைக் கேட்பது வழக்கம். ஜானி டாலர் கதைகளில் மட்டும் நூறுக்கு மேல் கேட்டிருப்பேன். டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் போய் வந்துவிட்டு, ஆட்டோவுக்கு 600 ரூபாய் என்று பில் வைக்கும்படி எங்கள் டீம் லீடர் சொல்கிறார். நான் மட்டும் குறைத்து எழுதினால் மற்றவர்களின் பில் சந்தேகத்துக்கு உள்ளாகுமாம். அண்ணன் முறையில் பழகுகிறவர். வேலை கற்றுத் தந்தவரும் அவர்தான். ஜானி டாலரும் செலவுக் கணக்கை ஏற்றி எழுதுகிறவர்தானே, அதை நாம் ரசிக்கத்தானே செய்கிறோம்? இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது? இன்னொன்று. சென்ற மாதம் ஓர் ஆயுள் காப்பீட்டு க்ளெய்மில், பாலிசி எடுத்து இரண்டு ஆண்டு இரண்டு மாதத்தில் மாரடைப்பால் இறந்தவருக்கு வெகுநாளாகச் சர்க்கரை நோய் இருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை எழுதச் சொல்லிவிட்டு, பாலிசி எடுத்த எட்டாம் மாதம்தான் முதன்முதலாகச் சர்க்கரை கண்டறியப்பட்டதாகக் காட்டும் கிளினிக் சீட்டை இணைக்க வேண்டாம் என்றார். முடிவெடுப்பது காப்பீட்டு நிறுவனம்தான் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஆட்டோ பில்லைப் பற்றி விரிவாகக் கேட்டுவிட்டு, கிளினிக் சீட்டைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பொதுக் காப்பீட்டில் தொடங்கி, கடைசிப் பத்து ஆண்டுகள் ஆயுள் காப்பீட்டு க்ளெய்ம் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான்; உங்களைப் போன்ற புலனாய்வாளர்கள் எழுதிய ரிப்போர்ட்டுகளை முப்பத்து நான்கு ஆண்டுகள் படித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தால் உங்கள் கடிதத்தையும் கடைசிப் பகுதியிலிருந்துதான் படிக்கத் தோன்றியது. ஆனாலும் நீங்கள் தொடங்கிய இடத்திலேயே நானும் தொடங்குகிறேன். இரண்டு கேள்விகளுக்கும் உரிய விடை, நீங்கள் கேட்டு ரசிக்கும் அந்த நாடகத்தின் வடிவத்திலேயே இருக்கிறது.

ஜானி டாலர் தொடரை அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலி 1949 பிப்ரவரியில் தொடங்கி 1962 செப்டம்பர் 30 வரை ஒலிபரப்பியது. இடையில் ஆறு நடிகர்கள் அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார்கள். அவர்களில் 1955 முதல் 1960 வரை நடித்த பாப் பெய்லியின் குரலைத்தான் நீங்களும் பெரும்பாலும் கேட்டிருப்பீர்கள். அவர் வந்த புதிதில், ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலம், ஒரே கதை திங்கள் முதல் வெள்ளி வரை தினம் பதினைந்து நிமிடமாக ஐந்து பகுதிகளில் வந்தது. விசாரணை என்பது எத்தனை வீட்டு வாசலில் நிற்க வேண்டிய வேலை என்பதை அந்த நிதானமான கதைகள்போல் வேறு எந்தத் துப்பறியும் நாடகமும் எனக்குக் காட்டியதில்லை. கதாநாயகன் போலீஸ்காரர் அல்லர். அறைக்குள் அமர்ந்தே கொலைகாரனைச் சொல்லிவிடும் மேதையும் அல்லர். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் குடியிருந்துகொண்டு, எந்தக் கம்பெனி அழைக்கிறதோ அந்தக் கம்பெனிக்காகப் புறப்பட்டுப் போகும் காப்பீட்டுப் புலனாய்வாளர் அவர். காப்பீட்டு நிறுவனங்களின் தலைநகரம் என்றே பெயர் பெற்ற ஊர் ஹார்ட்ஃபோர்டு என்பதால், அந்த முகவரி எங்கள் தொழில்காரர்களுக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

அந்த நாடகம் முழுவதும் ஒரு கடிதம். வேலை கொடுத்த கம்பெனிக்குச் செலவுக் கணக்கு அனுப்புகிறார். அந்தக் கணக்கைப் படிப்பதுதான் கதை. முதல் இனம், இவ்வளவு டாலர், ஹார்ட்ஃபோர்டிலிருந்து இன்ன ஊருக்கு விமானக் கட்டணம். இரண்டாம் இனம், வாடகைக் கார். மூன்றாம் இனம், ஒருவரைப் பேச வைப்பதற்காக வாங்கிக் கொடுத்த இரவு உணவு. ஒவ்வோர் இனத்தையும் அவர் வாசித்து முடித்ததும் கார்க் கதவு சாத்தப்படும் ஓசை கேட்கும், அல்லது யாரோ ஒருவர் கதவைத் திறந்து யார் வேண்டும் என்று கேட்பார், காட்சி தொடங்கிவிடும். கடைசியில் மொத்தத் தொகையைச் சொல்லி, பல கதைகளில் ‘குறிப்பு’ என்று தனித் தலைப்பிட்டுத் தம் கருத்தை ஓரிரு வரி சொல்லி, தங்கள் உண்மையுள்ள ஜானி டாலர் என்று கையொப்பமிடுவார். இந்த வடிவம் கேட்பவரைக் கவர்வதற்காகச் செய்த உத்திதான். ஆயினும் அது எங்கள் தொழிலின் ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டு விட்டது: விசாரித்தவன் எங்கே போனான், எப்படிப் போனான், யாருடன் உட்கார்ந்தான் என்பதற்குச் செலவுக் கணக்கைவிட நெருக்கமான சாட்சி கிடையாது.

நீங்கள் சொல்வதுபோல அவர் கணக்கை ஏற்றி எழுதுகிறவர்தான். சில்லறைச் செலவு என்ற பெயரில் சில டாலர்களைச் சேர்ப்பார்; தொலைபேசியில் அழைக்கும் கம்பெனி அதிகாரி அதைச் சொல்லியே அவரைச் சீண்டுவார். இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். கம்பெனிப் பணம் என்பது பிரீமியம் கட்டுகிற ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பணம். ஹார்ட்ஃபோர்டில் அவருடைய கணக்கு என் மேசைக்கு வந்திருந்தால் அந்த டாலர்களை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அந்த நாடகத்தில் பணம் கொடுக்கிறவருக்கு எல்லாம் தெரியும். கூட்டியெழுதிய டாலர் எந்த இனத்தில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், கேட்கிற நமக்கும் தெரியும். போகாத ஊருக்குப் போனதாக அங்கே எழுதப்படுவதில்லை. உங்களிடம் கேட்கப்படுவது அதுவன்று. நடக்காத ஒரு பயணத்தை நடந்ததாக எழுதச் சொல்கிறார்கள். பணம் கொடுக்கிறவருக்கு அது தெரியாமலிருந்தால்தான் அந்தப் பில் செல்லும். 600 ரூபாய் பெரிய தொகையா, சிறிய தொகையா என்று யோசிப்பதை விட்டுவிட்டு, அந்த நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதைப் பற்றி உங்கள் கையெழுத்தில் ஒரு பொய் இருக்கலாமா என்று யோசியுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தப் பொய்யை நானும் ஒருமுறை எழுதினேன். 1987-ஆம் ஆண்டு, எனக்கு இருபத்தாறு வயது. கழிவுப் பஞ்சுக் கிடங்கு ஒன்று எரிந்து போயிருந்தது. முதல் நாள் நானே நேரில் போய்ப் பார்த்தேன். தீப்பிடித்ததாகச் சொன்ன இடத்துக்கு மேலே ஓடிய மின்கம்பியில் கருகல் இல்லாததையும், தரையில் மூன்று இடங்களில் தனித்தனியாகத் தீ எழுந்த அடையாளம் இருந்ததையும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டேன். தீ தானாகப் பிடித்ததா, வைக்கப்பட்டதா என்று சந்தேகிக்க வைக்கும் அடையாளங்கள் அவை. எரிந்த பொதிகளைப் பிரித்து அடுக்கிய பிறகு எண்ணிப் பார்க்க இரண்டாம் முறை போக வேண்டும். அன்றைக்குக் கடுமையான காய்ச்சல். லாட்ஜ் அறையிலேயே படுத்துவிட்டேன். கிடங்கு மேஸ்திரி கொண்டுவந்து தந்த எண்ணிக்கையையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு, ‘காலை 11 மணிக்கு நேரில் பார்வையிட்டேன்’ என்று எழுதி, அந்த நாளுக்கான ஜீப் வாடகையையும் வவுச்சரில் சேர்த்தேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஒருநாள் வாடகைதானே என்று அதோடு மறந்தும் போனேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. கூண்டில் என்னைக் குறுக்கு விசாரணை செய்த வழக்கறிஞர் பொதிகளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த ஜீப்பின் டிரிப் ஷீட்டை எடுத்து நீட்டினார். நான் பயணம் செய்ததாக எழுதிய நாளில் அந்த வண்டி பட்டறையில் நின்றிருந்தது. அதற்குப் பிறகு மின்கம்பியைப் பற்றியும் தரையில் இருந்த மூன்று அடையாளங்களைப் பற்றியும் நான் சொன்னதை நீதிமன்றம் பொருட்படுத்தவில்லை. என் கண்ணால் கண்ட உண்மை, நான் காணாததைக் கண்டதாக எழுதிய ஒரு வரியோடு சேர்ந்து போயிற்று. கம்பெனி முழுத் தொகையையும் கொடுத்தது. அந்த டிரிப் ஷீட்டின் பழுப்புத் தாளும், அதில் ஓட்டுநரின் சாய்ந்த கையெழுத்தில் இருந்த ‘பிரேக் வேலை’ என்ற இரண்டு சொற்களும் இன்றும் எனக்குக் கண்ணில் நிற்கின்றன.

ஆகவே உங்கள் கைப்பையில் கிடக்கும் அந்தக் கட்டணமில்லாப் பயணச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் உங்கள் பயணச் செலவு பூஜ்யமாக இருக்கலாம். ஆனால் அந்த நாளில் அந்த ஊருக்கு நீங்கள் போனீர்கள் என்பதற்கு அந்தச் சீட்டு சாட்சி சொல்லும். போகாத ஆட்டோவின் 600 ரூபாய் ரசீது அதைச் சொல்லாது. யாராவது விசாரித்தால் நீங்கள் அங்கே போனதையே சந்தேகிக்க வைக்கும். பயணப் படிவத்தில் வழித்தடம், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் ஆகியவற்றை எழுதி, தொகைக் கட்டத்தில் பூஜ்யம் என்று போட்டு, சீட்டை ஒட்டி வையுங்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால், நாளொன்றுக்கு இவ்வளவு என்று நிலையான பயணப்படி கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். அது நியாயமான கோரிக்கை. களத்தில் அலைகிறவர்களுக்குப் போதிய படி கொடுக்காமல் வைத்துவிட்டு, பில்லை ஏற்றிக்கொள்ளட்டும் என்று கண்டும் காணாமல் இருக்கிற நிர்வாகம்தான் இந்தப் பழக்கத்தின் வேர் என்பது என் அனுபவம்.

மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்ற பேச்சு உங்களைச் சங்கடப்படுத்துவது எனக்குப் புரிகிறது. நீங்கள் யாரைப் பற்றியும் புகார் எழுதப் போவதில்லை. உங்கள் கணக்கை மட்டும் உள்ளபடி எழுதப் போகிறீர்கள். டீம் லீடரிடம் தனியாகப் போய், “அண்ணே, நான் போன வண்டியைத்தான் என்னால் எழுத முடியும், நாளைக்குக் கோர்ட்டில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். வேலை கற்றுத் தந்தவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது அவருக்குக் காட்ட வேண்டிய மரியாதை. அனுமதி கேட்பதாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி நீங்கள் போகிற போக்கில் எழுதியதற்கு வருகிறேன்.

ஜானி டாலர் கதைகளின் தலைப்புகளைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் இன்னார் ‘விவகாரம்’ என்றுதான் இருக்கும். கொலை, மோசடி, களவு என்று தலைப்பிலேயே தீர்ப்புச் சொல்லிவிட மாட்டார்கள். மோசடி என்று சந்தேகித்து அனுப்பப்படும் இடத்தில் மோசடி இல்லாமலும் போகலாம். அப்போது அதையும் அவர் எழுதித்தான் ஆக வேண்டும். கண்டதையும் கேட்டதையும் இனவாரியாக எழுதிவிட்டு, தம் கருத்தைக் கடைசியில் ‘குறிப்பு’ என்ற தலைப்பின் கீழ் தனியே வைக்கும் அந்த ஒழுங்கைத்தான் நான் பயிற்சி வகுப்புகளில் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது கேட்ட செய்தி. கிளினிக் சீட்டு கையில் கிடைத்த ஆவணம். இரண்டும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். எதற்கு எவ்வளவு எடை என்று தீர்மானிப்பதுதான் முடிவெடுப்பவரின் வேலை. உங்கள் ரிப்போர்ட்டில் முதலாவது மட்டும் போயிருக்கிறது.

அது என்ன செய்யும் என்பதை உங்களுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பாலிசி மூன்று ஆண்டைக் கடந்துவிட்டால் எந்தக் காரணத்தைக் காட்டியும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது. நீங்கள் விசாரித்தது இரண்டு ஆண்டு இரண்டு மாதத்தில் நேர்ந்த மரணம். ஆகவே பாலிசி எடுத்தபோது உண்மையை மறைத்தார் என்று சொல்லி க்ளெய்மை நிராகரிக்கக் கம்பெனிக்குச் சட்டப்படி வழி இருக்கிறது. அப்படி மறைத்தாரா என்பதுதான் முழுக் கேள்வியும். மறைத்தவருக்குத் தமக்கு நோய் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். எட்டாம் மாதத்தில்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது என்றால், படிவம் நிரப்பிய நாளில் இல்லை என்று எழுதியது அவர் அறிந்த அளவில் உண்மை. அந்த ஒற்றைச் சீட்டுதான் இதைச் சொல்கிறது.

இன்னும் ஒரு செய்தி அதே பிரிவில் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். மோசடி என்ற காரணத்தைக் கம்பெனி முன்வைக்கும்போது, பாலிசிதாரர் உயிரோடு இல்லையென்றால், மோசடி இல்லை என்று காட்டும் பொறுப்பு பயனாளியின் மேல் விழுகிறது. கணவர் எந்தத் தேதியில் எந்த கிளினிக்கில் ரத்தம் கொடுத்தார் என்பது அவர் மனைவிக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்தாலும் அந்தச் சீட்டு அவரிடம் இருக்குமா? தாம் நிரூபிக்க வேண்டியதை நிரூபிக்கும் ஒரே காகிதம், தம் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போன புலனாய்வாளரின் பையில் இருக்கிறது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

நீங்கள் பொய் எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் அப்படிச் சொன்னது உண்மை. நீங்கள் எழுதியதும் உண்மை. இங்கேதான் இன்னொரு நாடகத்தை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். என்.பி.சி. வானொலியில் 1949 ஜூன் மாதம் தொடங்கிய ‘டிராக்நெட்’ தொடரை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். ஜாக் வெப் உருவாக்கி, அவரே சார்ஜென்ட் ஜோ ஃப்ரைடேயாக நடித்தது. லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையின் உண்மையான வழக்குக் கோப்புகளிலிருந்து கதை எடுத்து, குற்றமற்றவர்களைக் காப்பதற்காகப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறோம் என்று அறிவித்துவிட்டுத் தொடங்குவார்கள். கிழமை, தேதி, அன்றைய வானிலை, எந்தப் பிரிவில் எந்த ஷிஃப்ட், மேலதிகாரி யார் என்பவற்றை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஃப்ரைடே எதையும் விவரிப்பார். சரிபார்க்கக்கூடியதை முதலில் சொல்லும் அந்த ஒழுக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டின் முதல் நான்கு வரிகள் அப்படி இருந்தால் நல்லது.

ஆனால் அந்த நாடகம் காவல் துறையின் ஒத்துழைப்பையும் ஒப்புதலையும் நம்பி நடந்தது; கதைகள் அந்தத் துறையின் பார்வைக்குப் போய்த்தான் வந்தன. அது ஒலிபரப்பாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1951 கிறிஸ்துமஸ் நாளின் அதிகாலையில், அதே நகரத்தின் காவலில் இருந்த ஏழு பேரைப் போலீஸார் கூட்டமாகச் சேர்ந்து அடித்து நொறுக்கினார்கள். அவர்களில் ஐவர் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள். மறு ஆண்டு எட்டு போலீஸார் மீது குற்றச்சாட்டு பதிவாயிற்று. ஐவருக்குத் தண்டனை கிடைத்தது. இப்படியொரு விவகாரத்தை அந்த நாடகத்தில் எதிர்பார்த்திருக்க முடியாது. தேதி சரி, வானிலை சரி, ஷிஃப்ட் சரி; ஆனாலும் அதை மட்டும் கேட்டு அந்தத் துறையை அறிந்துகொள்ள நினைத்தவருக்குக் கிடைத்தது பாதிச் சித்திரம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில், வேலை கொடுக்கிறவரின் விருப்பம் வந்து உட்கார்ந்துகொண்டால், மெய்யான வரிகளை மட்டுமே அடுக்கிப் பொய்யான ஒரு ரிப்போர்ட்டைக் கட்டிவிடலாம். உங்கள் டீம் லீடர் கேட்டது அதைத்தான்.

அவர் ஏன் கேட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். மனிதர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஜானி டாலருக்குச் செலவோடு கூட, மீட்டுத் தரும் தொகையில் ஒரு பங்கும் கிடைப்பதாகச் சில கதைகளில் வரும். கம்பெனிக்கு எவ்வளவு மிச்சமோ அவ்வளவு தனக்கு வரவு என்ற நிலையில் இருக்கிற ஒருவர், தனக்கு வரவில்லாத உண்மையை எழுதுவாரா என்ற கேள்வியை அந்தக் கதைகளைக் கேட்கும்போது நான் விடாமல் கேட்டுக்கொள்வேன். உங்கள் ஏஜென்சிக்கு ஒரு விசாரணைக்கு இவ்வளவு என்று கட்டணமா, அல்லது நிராகரிக்கப்படும் க்ளெய்ம்களுக்கு ஏதேனும் கூடுதலாக உண்டா, டீம்களுக்கு இத்தனை சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருக்குமானால், அந்தச் சீட்டு ஏன் வேண்டாத காகிதம் ஆயிற்று என்பது விளங்கும். இப்படி விடப்பட்ட சீட்டு இது ஒன்றாக மட்டும் இருக்காது என்பதும் விளங்கும்.

முடிவெடுப்பது கம்பெனிதானே என்ற உங்கள் சமாதானத்தை நான் ஏற்க முடியாது. வானொலியில் 1946 முதல் 1951 வரை வந்த, சாம் ஸ்பேடு என்ற தனியார் துப்பறிவாளரின் நாடகங்களில், ஒவ்வொரு கதையும் அவர் தம் செயலாளர் எஃபிக்குச் சொல்லி எழுதவைக்கும் ரிப்போர்ட்டாகவே அமையும். தொடக்கத்திலேயே தம் பெயரோடு உரிம எண்ணையும் சொல்வார். இந்த ரிப்போர்ட்டுக்குப் பொறுப்பு இந்த உரிமத்தை வைத்திருக்கிற நான் என்பதே அதன் பொருள். க்ளெய்ம் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து அந்தக் கிராமம் தெரியாது, கிளினிக் தெரியாது, அந்த அம்மாவின் முகமும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த உலகம் உங்கள் ரிப்போர்ட்டின் ஆறு பக்கங்கள்தாம். நீங்கள் விட்டதை எங்களால் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியாது. விட்டிருக்கிறீர்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. அப்படியென்றால் முடிவெடுத்தவர் யார்?

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாள் கடத்தாதீர்கள், நிராகரிப்புக் கடிதம் போவதற்கு முன் இது நடந்தால் எல்லாருக்கும் எளிது. அலுவலக மின்னஞ்சலிலிருந்து டீம் லீடருக்கு, ஏஜென்சி பொறுப்பாளருக்கும் நகல் வைத்து, சுருக்கமாக எழுதுங்கள்: இன்ன தேதியில் சமர்ப்பித்த ரிப்போர்ட்டோடு இன்ன ஆவணம் இணைக்கப்படாமல் போயிருக்கிறது, அது இன்ன தேதியில் இன்ன இடத்தில் பெறப்பட்டது, இத்துடன் இணைத்திருக்கிறேன், துணை ரிப்போர்ட்டாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அவர் சொல்லித்தான் விட்டேன் என்று அதில் எழுத வேண்டியதில்லை. குற்றஞ்சாட்டும் கடிதம் என்றால் அவர் தம்மைக் காத்துக்கொள்ளத்தான் முனைவார்; விடுபட்டதைச் சேர்க்கும் கடிதம் என்றால் அவருக்கும் திருத்திக்கொள்ள வழி கிடைக்கும். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டாலோ, அனுப்ப மறுத்தாலோ, உங்களுக்கு வேலை தந்த காப்பீட்டு நிறுவனத்தின் க்ளெய்ம் அதிகாரிக்கோ, அந்நிறுவனத்தில் முறைகேடுகளைத் தெரிவிக்க வைத்திருக்கும் முகவரிக்கோ நீங்களே எழுதுங்கள். உங்கள் உழைப்பின் உண்மையான வாடிக்கையாளர் அந்த நிறுவனம்தான். அதற்குத் தெரிவிப்பது ரகசியத்தை மீறுவதாகாது.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். அந்த மருத்துவச் சீட்டைச் சொந்த வாட்ஸ்அப்பிலோ சொந்த மின்னஞ்சலிலோ வைத்துக்கொள்ளாதீர்கள். நண்பர்களிடம் காட்டி யோசனையும் கேட்காதீர்கள். இறந்தவரின் நோய் விவரம் உங்களை நம்பிக் கொடுக்கப்பட்டது. உங்கள் பங்குக்கு, எந்த நாளில் யாரிடம் என்ன பெற்றீர்கள், யாருக்கு எப்போது அனுப்பினீர்கள் என்ற தேதிக் குறிப்பு போதும். இதற்குள் க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டிருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. அந்த அம்மா முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் எழுதலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) முறையிடலாம். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிராகரிப்புக் கடிதம் ஒவ்வொன்றிலும் குறைதீர்ப்பாளரின் முகவரி இருக்க வேண்டும். அதைப் படித்துச் சொல்ல அவர் வீட்டில் யாரேனும் இருக்கிறார்களா என்பதுதான் என் கவலை.

வேலை போய்விடுமோ என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அந்த அச்சம் இருக்கும். போகாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சாம் ஸ்பேடு என்ற பாத்திரத்தைப் படைத்த டாஷியல் ஹாமெட், எழுத்தாளர் ஆவதற்கு முன் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் நம்மைப் போல அலைந்து திரிந்து ரிப்போர்ட் எழுதியவர். அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை நடந்த காலத்தில், தாம் பொறுப்பேற்றிருந்த ஜாமீன் நிதி ஒன்றுக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்லும்படி 1951-இல் நீதிமன்றம் கேட்டபோது அவர் சொல்ல மறுத்தார். ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அதற்கு முந்திய ஆண்டே, ஸ்பேடுக்குக் குரல் கொடுத்த ஹோவர்டு டஃப்பின் பெயரும் அரசியல் சந்தேகப் பட்டியல் ஒன்றில் அச்சாகியிருந்தது. நாடகத்துக்கு விளம்பரம் தந்துவந்த தலைமுடித் தைலக் கம்பெனி விலகிப்போய், வேறொரு துப்பறிவாளர் நாடகத்தைத் தொடங்கிக்கொண்டது. கேட்டவர்கள் விரும்பிய நாடகம், நல்ல குரல், நல்ல எழுத்து. அத்தனையும் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. ஆகவே நேராக நடப்பவருக்கு நட்டம் வராது என்று சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை.

உங்கள் நிலை அவ்வளவு கடுமையானதன்று என்று மட்டும் சொல்லலாம். விடுபட்ட ஆவணத்தை இணைத்து அனுப்பிய ஊழியரை அதற்காகவே வெளியேற்ற எந்த ஏஜென்சியும் தயங்கும். அந்த மின்னஞ்சலே உங்களுக்குக் காவல். அப்படியும் சூழல் மோசமானால், ஏழு மாதக் கள அனுபவம் உள்ளவருக்கு இந்தத் தொழிலில் வேறு இடம் கிடைக்கும். வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பியிருப்பவர்கள் யார், எத்தனை மாதம் தாங்க முடியும் என்பதை மட்டும் இன்றே உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குத் தெரிந்திருந்தால் பயம் பாதியாகும்.

மின்னஞ்சலை அனுப்பும் முன், அந்த கிளினிக்குக்கு நீங்கள் போன நாளின் பயணப் படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். அன்றைக்கும் ஆட்டோ என்று எழுதியிருந்தால், திருத்திய படிவத்தைக் கொடுத்து, பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். சீட்டு எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று யாராவது கேட்டால், அந்த நாளின் பயணக் கணக்கும் கூடவே கேட்கப்படும். அதில் தொகைக்கு நேரே பூஜ்யம் இருக்கட்டும். பேருந்துச் சீட்டு பக்கத்தில் ஒட்டியிருக்கட்டும். டீம் லீடர் என்ன பதில் சொன்னார் என்பதையும், அந்த அம்மாவின் க்ளெய்ம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். குறைதீர்ப்பாளருக்கு மனு எழுத வேண்டிய நிலை வந்து, உதவ ஆளில்லை என்று அவர் கேட்டால், கட்டணமில்லாமல் நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள்.